ஓடினால் கணைக்கால் எலும்பு வலிக்கிறதா?

காவலர் வேலைக்கான எழுத்துத் தேர்வு முடிந்ததோ இல்லையோ, ஊரில் இருக்கிற பள்ளிக்கூட மைதானம், கண்மாய்க்கரை, பைபாஸ் ரோடு எல்லா இடத்திலும் விடியற்காலை நாலரை மணிக்கே பிள்ளைகள் ஓட ஆரம்பித்துவிடுகிறார்கள். இன்னொரு பக்கம், சர்க்கரை வந்துவிடுமோ என்று பயந்து நாற்பது வயதில் ஓடத் தொடங்கியவர்கள், ஜனவரியில் நடக்கிற சென்னை மாரத்தானில் பத்து கிலோமீட்டராவது ஓடிவிட வேண்டும் என்று சபதம் எடுத்தவர்கள்... பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

ஆனால், ஓட ஆரம்பித்து மூன்றாவது, நான்காவது வாரத்தில் இவர்களில் பலர் காலைத் தடவிக்கொண்டு வைத்தியர் வீட்டு வாசலுக்கு வருகிறார்கள். எங்கள் பக்கம் பெரும்பாலும் அம்மாதான் கூட வருவார்.

"ஐயா, பய ஓடிட்டு வந்தா மொழங்காலுக்குக் கீழ எலும்பு விண்ணு விண்ணுனு தெறிக்குதுன்னு சொல்லுதான். தைலம் தேச்சும் கேக்கல. இன்னும் ஒன்றரை மாசத்துல செலக்‌ஷன் வருது. எப்படியாவது சரிபண்ணிக் குடுங்க!"

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். அல்லது நீங்களே ஓடுகிறவராக இருக்கலாம். இது என்ன வலி, எப்போது பயப்பட வேண்டும், என்ன செய்தால் திரும்ப ஓடலாம் என்பதைக் கொஞ்சம் விவரமாகவே பார்த்துவிடுவோம்.

வலி எங்கே இருக்கிறது?

முழங்காலுக்குக் கீழே, காலின் முன்பக்கம் தோலுக்கு அடியில் கத்தி முனை மாதிரி நீளமாக ஓர் எலும்பு கைக்குத் தட்டுப்படும். அதுதான் கணைக்கால் எலும்பு. கட்டில் காலில் இடித்துக்கொண்டால் உயிர் போகுமே, அதே எலும்பு! அதன் உள்பக்க ஓரத்தில், கணுக்காலுக்கு மேலே கீழ்ப்பாதியில் வருகிற வலியைத்தான் 'ஷின் ஸ்ப்ளின்ட்ஸ்' என்று ஓட்டப் பயிற்சியாளர்கள் சொல்கிறார்கள்.

ஆரம்பத்தில் ஓடத் தொடங்கும்போது வலிக்கும், உடம்பு சூடானதும் மறைந்துவிடும். 'போயிருச்சு' என்று நினைத்து ஓடுவார்கள். அடுத்த வாரம் ஓடி முடித்த பிறகும் வலிக்கும். அதற்கடுத்து, காலையில் படுக்கையைவிட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போதே வலிக்கும். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் படியில் நிற்கிறோம் என்பதை வைத்துத்தான் எத்தனை வாரத்தில் ஓடலாம் என்று சொல்ல முடியும்.

ஓடுகிற ஒவ்வொரு அடியிலும் தரையில் ஊன்றுகிற கால், நம் உடல் எடையைப்போல இரண்டு, மூன்று மடங்கு பாரத்தைத் தாங்குகிறது. அறுபது கிலோ ஆள் என்றால் 120 முதல் 180 கிலோ. ஒரு கிலோமீட்டர் ஓடினால் ஒரு காலுக்கு ஏறக்குறைய ஐந்நூறு தடவை இந்த அடி விழும். இந்தப் பாரத்தில் கணைக்கால் எலும்பு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்து நிமிர்கிறது. போதாக்குறைக்கு, ஆடுதசைக்கு அடியில் இருக்கிற தசைகள் அந்த எலும்பின் மேலுறையைப் பிடித்து இழுக்கின்றன.

இதில் பலரும் அறியாத விஷயம் ஒன்று உண்டு. எலும்பு என்பது மரக்கட்டை இல்லை. உயிருள்ளது. புதிதாகப் பாரம் ஏறினால் அது தன்னைப் புதுப்பித்துக்கொண்டு கெட்டிப்படும். ஆனால், வீட்டைப் புதுப்பிக்கிற கொத்தனார் மாதிரி முதலில் பழைய சுவரை இடிப்பார், அப்புறம்தான் புதுச் சுவர் எழும்பும். இடிக்கிற வேலை சீக்கிரம் முடிந்துவிடும், கட்டுகிற வேலைக்கு மாதக்கணக்கில் ஆகும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற நாட்களில் எலும்பு முன்னைவிடப் பலம் குறைந்து நிற்கிறது. மூன்றாவது, நான்காவது வாரத்தில் கூட்டமாக வலி வருவதற்கு இதுதான் காரணம். தசையும் மூச்சும் அதற்குள் பழகிவிடும். 'இன்னும் ரெண்டு ரவுண்டு ஓடலாம்' என்று ஆசை காட்டும். எலும்பு மட்டும் பின்தங்கியிருக்கும்.

ஏழு நிமிஷத்துக்காக எழுபது கிலோமீட்டர்!

வருகிற பையன்களிடம் நான் முதலில் கேட்பது, "தினம் எவ்வளவு ஓடுறே தம்பி?"

"பத்து கிலோமீட்டர் ஐயா. ரோட்டுல."

"செலக்‌ஷன்ல எவ்வளவு ஓடணும்?"

"ஆயிரத்தைந்நூறு மீட்டர்."

கணக்கைப் பாருங்கள்! தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வில் இரண்டாம் நிலைக் காவலருக்கு ஆண்கள் 1500 மீட்டரை ஏழு நிமிடத்தில் ஓட வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், இரண்டரை நிமிடம். ஏழு நிமிடம் என்றால், 400 மீட்டர் மைதானத்தில் ஒரு சுற்றுக்கு 112 விநாடி. அந்த மாதிரி மூன்றே முக்கால் சுற்று. அவ்வளவுதான். ஆரோக்கியமான இருபது வயதுப் பையனுக்கு எட்டாத வேகம் இல்லை இது. இதற்காக வாரத்துக்கு எழுபது கிலோமீட்டர் தார் ரோட்டில், ஒருநாள்கூட ஓய்வு இல்லாமல், அண்ணன் போட்டுத் தேய்ந்த கேன்வாஸ் ஷூவில் ஓடினால் எந்த எலும்புதான் தாங்கும்?

இது இன்று நேற்றைய கதை இல்லை. 1855-லேயே பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைட்ஹாப்ட், நெடுந்தூரம் அணிவகுத்து நடந்த சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதை எழுதி வைத்திருக்கிறார். அது பாதத்து எலும்பில் விழுகிற விரிசல் என்பது எக்ஸ்ரே வந்த பிறகு தெரிந்தது. புதிதாகச் சேர்ந்த சிப்பாய்கள், பயிற்சியைத் திடீரென்று கூட்டியவர்கள்... இவர்களுக்குத்தான் அன்றும் இன்றும் இந்தத் தொல்லை அதிகம்.

ஓடிப் பழக்கமில்லாதவர்கள், உடல் எடை கூடியவர்கள், ஊன்றும்போது பாதத்தின் உள்வளைவு தரையில் சப்பென்று படிகிறவர்கள், ஏற்கெனவே ஒருதடவை இந்த வலி வந்தவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது கூடுதலாக வருகிறது. அதைப் பற்றிக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

கட்டைவிரலால் ஒரு சோதனை

நாற்காலியில் உட்கார்ந்து, வலிக்கிற காலைத் தூக்கி மற்றத் தொடைமேல் போட்டுக்கொள்ளுங்கள். உள்பக்கக் கணுக்கால் மொட்டிலிருந்து மேல்நோக்கி, எலும்பின் உள் ஓரமாகவே கட்டைவிரலால் மெதுவாக அழுத்திக்கொண்டு வாருங்கள்.

நாலு விரல்கடை, ஐந்து விரல்கடை நீளத்துக்கு ஓரம் முழுக்கப் பரவலாக வலித்தால் பெரும்பாலும் நாம் பேசிக்கொண்டிருக்கிற சாதாரண வலிதான். ஓய்வும் பயிற்சியும் போதும்.

அப்படியில்லாமல், ஒரு ரூபாய்க் காசு அகலத்தில் ஒரே ஓர் இடம், அங்கே விரல் பட்டாலே 'ஐயோ!' என்று துள்ள வைக்கிறதா? அந்த இடம் லேசாக வீங்கியிருக்கிறதா? சும்மா நடந்தாலும் வலிக்கிறதா? ராத்திரி படுத்திருக்கும்போது வலி எழுப்புகிறதா? எலும்பில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கலாம். அன்றைக்கே ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும். இதில் தைலமும் வேண்டாம், என்னிடமும் வர வேண்டாம்!

விரிசல் என்றால் எக்ஸ்ரேயில் தெரிந்துவிடுமே என்பார்கள். முதல் இரண்டு, மூன்று வாரம் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும். 'படத்துல ஒண்ணுமில்ல' என்ற தைரியத்தில் மறுநாளே ஓடப் போகிற பிள்ளைகள் உண்டு. சந்தேகம் தீரவில்லை என்றால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்தான் சொல்லும். செலவு கூடுதல்தான். ஆனால், மயிரிழை விரிசலோடு ஓடி எலும்பு முழுசாக முறிந்தால், கம்பி வைத்து ஆபரேஷன், மாதக்கணக்கில் படுக்கை... அந்த வருடத்துத் தேர்வு போனதோடு நிற்காது. எலும்பின் உள் ஓரத்தில் இல்லாமல், சரியாக முன்பக்க நடுவில் ஒரே இடத்தில் வலித்தால் இன்னும் கவனம் வேண்டும். அங்கே விழுகிற விரிசல் லேசில் கூடாது.

இன்னொரு வகையும் உண்டு. ஓட ஆரம்பித்துப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆனதும், கடிகாரம் வைத்த மாதிரி தினமும் அதே நேரத்தில் கால் இறுகிக் கல் மாதிரி ஆகும், பாதம் மரத்துப்போகும், நின்றால் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். இது எலும்பு வலி இல்லை. தசையைச் சுற்றியிருக்கிற உறைக்குள் அழுத்தம் ஏறுவதால் வருவது. இதையும் மருத்துவமனையில்தான் பார்க்க வேண்டும்.

ஓய்வு என்றால் படுத்துக்கிடப்பது இல்லை

சாதாரண வலிதான் என்று தெரிந்துவிட்டது. இனி?

முதல் வேலை, ஓட்டத்தை நிறுத்துவது. வலி லேசு என்றால் இரண்டு வாரம், நடக்கும்போதே வலிக்கிறது என்றால் நாலு முதல் ஆறு வாரம். உடனே அம்மா முகம் வாடிவிடும், பையன் முகம் அதைவிட வாடிவிடும். ஓடாமல் இருந்தால் மூச்சுப் பழக்கம் போய்விடுமே என்ற பயம். போகாது. கிணற்றிலோ குளத்திலோ நீந்தட்டும். ஆழத் தண்ணீரில் தரையில் கால் படாமல் ஓடுகிற மாதிரி காலை அடிக்கட்டும். நீச்சல் தெரிந்தவர்கள் மட்டும், துணைக்கு ஆள் வைத்துக்கொண்டு. தண்ணீர் வசதி இல்லையா, சைக்கிளை எடுத்து அரைமணி நேரம் வேகமாக மிதிக்கட்டும். நெஞ்சுக்கும் நுரையீரலுக்கும் ஓடுவதற்குக் கொஞ்சமும் குறையாத வேலை இது. எலும்பில் மட்டும் அடி விழாது.

வலி புதிதாக இருக்கிற முதல் சில நாட்களில் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பதினைந்து நிமிடம் வைக்கலாம். தோலில் நேராக வைத்தால் புண்ணாகிவிடும். ஐஸ் வலியை மட்டுப்படுத்தும், எலும்பை ஆற்றாது. அவ்வளவுதான் அதனிடம் எதிர்பார்க்க வேண்டும்.

'சித்த வைத்தியர் ஐஸ் வைக்கச் சொல்கிறாரே, ஒற்றடம் என்ன ஆயிற்று?' என்று கேட்பீர்கள். வருகிறேன். புதிய வலி தணிந்து, ஆடுதசை இறுக்கமாக இருக்கிற நிலையில் வெப்பம் இதமாக இருக்கும். நொச்சி இலையை விளக்கெண்ணெயில் லேசாக வதக்கித் துணியில் முடிந்து, கை பொறுக்கும் சூட்டில் ஆடுதசைக்கு ஒற்றடம் கொடுக்கலாம். இரவில் பத்து நிமிடம் போதும். நல்ல தூக்கம் வரும்.

தைல விஷயத்தில் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். எந்தத் தைலமும் எலும்புக்குள் இறங்கி அதைக் கெட்டிப்படுத்தாது. அப்படி யாராவது விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள். தைலத்தின் வேலை தசையை இளக்குவது. உளுந்துத் தைலம் மாதிரி ஏதாவது ஒன்றை இளஞ்சூடாக்கி, ஆடுதசையில் கீழிருந்து மேலாக நீவிவிடுங்கள். நம் நூல்கள் தட்டல், பிடித்தல், அழுத்தல், இழுத்தல் என்று தொக்கணத்தை ஒன்பது வகையாகச் சொல்கின்றன. இந்த வலிக்கு மெல்லிய பிடித்தலும் நீவலும் போதும். எலும்பின் மேலேயே கட்டைவிரலை வைத்து 'நரம்பு எடுக்கிறேன்' என்று முரட்டுத்தனமாக அமுக்குவது கூடவே கூடாது. அடியில் விரிசல் இருந்தால் அந்த அமுக்கலே போதும், பெரிதாகிவிடும். எட்டிக்கொட்டை சேர்ந்த விடமுட்டித் தைலம் வீட்டில் இருந்தால், புண் இருக்கிற தோலில் தடவாதீர்கள். குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். வாய்க்குள் போனால் விஷம்.

உள்ளுக்குச் சாப்பிடப் பற்பம், செந்தூரம் எல்லாம் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற சமாசாரம் இல்லை. ஆளைப் பார்த்து, நாடி பார்த்து, எத்தனை நாள் என்று கணக்குப் பண்ணிக் கொடுக்கிற மருந்து அது.

குதிகாலைத் தூக்குங்கள்!

மருந்தைவிட முக்கியமானது இந்தப் பகுதி. ஆனால், இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள்.

அடிக்கிற அடியின் பாரத்தைத் தசை வாங்கிக்கொண்டால் எலும்புக்குச் சுமை குறையும். ஆடுதசையைப் பலப்படுத்த ஜிம் வேண்டாம், வாசற்படி போதும். சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு குதிகாலையும் மெதுவாக உயர்த்தி, நுனிக்காலில் இரண்டு எண்ணும்வரை நின்று, மெதுவாக இறக்குங்கள். பதினைந்து தடவை, மூன்று சுற்று. முழங்காலை நிமிர்த்தி ஒருமுறை செய்தால், கொஞ்சம் மடக்கி வைத்துக்கொண்டு இன்னொரு முறை செய்ய வேண்டும். மடக்கிச் செய்யும்போதுதான் ஆடுதசைக்கு அடியில் இருக்கிற தசைக்கு வேலை. அதுதானே எலும்புறையை இழுக்கிறது! வலி இல்லாமல் செய்ய முடிகிறது என்றால், இரண்டு வாரம் கழித்து ஒற்றைக் காலில் செய்யலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் போதும்.

தரையில் துண்டை விரித்து, கால்விரல்களாலேயே அதைச் சுருட்டி இழுக்கிற விளையாட்டும் நல்லது. டி.வி. பார்த்துக்கொண்டே செய்யலாம்.

திரும்ப ஓடுவது எப்படி?

அரைமணி நேரம் வேகமாக நடந்தும் வலி இல்லை, அழுத்திப் பார்த்தாலும் வலி இல்லை. இப்படித் தொடர்ந்து ஐந்து நாள் இருந்தால் ஓட்டத்துக்கு அனுமதி. அதுவும் எப்படி? ஒரு நிமிடம் மெதுவோட்டம், இரண்டு நிமிடம் நடை. இந்த மாதிரி எட்டுத் தடவை. அடுத்த நாள் ஓட்டம் கிடையாது. மறுநாள் காலையில் எழுந்ததும் எலும்பைத் தொட்டுப் பாருங்கள். வலி இல்லையென்றால் அடுத்த முறை இரண்டு நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை. வலித்தால் பழைய அளவுக்கே திரும்பிவிடுங்கள். வேகம் கடைசியாகத்தான். முதலில் தூரத்தைக் கூட்டுங்கள், அப்புறம் வேகத்தை. இரண்டையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள்.

ஆறு வாரத்தில் செலக்‌ஷன் இருக்கிற பையனுக்கு, இரண்டு வாரம் சைக்கிளும் குதிகால் பயிற்சியும், இரண்டு வாரம் இந்த நடை ஓட்டம், பிறகு மைதானத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் 400 மீட்டரை 112 விநாடிக்குள் ஓடிப் பழகுவது, கடைசி மூன்று நாள் ஓய்வு. வலி லேசாக இருக்கும்போதே வருகிறவர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவரும். முற்றிப்போய் வருகிறவர்களுக்கு இத்தனை நாளில் முடியாமலும் போகலாம். அதை முதல் நாளே பெற்றோரிடம் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

ஓடும்போது எட்டி எட்டி நீளமாக அடி வைக்காமல், அடியைக் கொஞ்சம் குறுக்கி எண்ணிக்கையைக் கூட்டுங்கள். ஒரு நிமிடத்துக்கு 160 அடி வைக்கிறவர் 170 ஆக்கினால்கூட ஒவ்வொரு அடியிலும் விழுகிற பாரம் குறைகிறது. தார் ரோடு, சிமென்ட் தரையைவிட மண் மைதானம் பலருக்கும் இதமாக இருக்கும். ரோட்டோரச் சரிவில் ஒரே பக்கமாக ஓடினால் ஒரு கால் மட்டும் அடிவாங்கும். கடற்கரையில் கால் புதைகிற மணலில் புதிதாக ஓடப் போகிறவர்களும் ஜாக்கிரதை, ஆடுதசை அங்கே இரட்டை வேலை பார்க்கிறது. ஷூ விலை உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்பதில்லை. காலுக்குப் பொருந்த வேண்டும், அடிப்பாகம் தேயாமல் இருக்க வேண்டும். 500 முதல் 800 கிலோமீட்டர் ஓடியதும் மாற்றிவிட வேண்டியதுதான்.

ஒரு வலி ஊசி போட்டுக்கிட்டு ஓடிரலாமா?

இதைக் கேட்காத பையனே இல்லை. தேர்வன்று காலையில் ஊசியோ மாத்திரையோ போட்டுக்கொண்டு ஓடிவிட்டால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கூடப் படிக்கிறவர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். வலியை மறைக்குமே தவிர, விரிசலை மறைக்காது. காவல்காரனுக்கு மயக்க மருந்து கொடுத்துவிட்டு வீட்டைத் திறந்துபோட்ட மாதிரிதான். வெறும் வயிற்றில், தண்ணீர் குடிக்காமல், வெயிலில் ஓடுகிற உடம்பில் அந்த மாத்திரைகள் வயிற்றையும் சிறுநீரகத்தையும் சேர்த்துக் கெடுக்கும்.

அடுப்படியில் செய்ய வேண்டியது

பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு ஆயிரம் மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2020-ல் வரையறுத்திருக்கிறது. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. காலையில் கேழ்வரகுக் கூழும் மோரும், மத்தியானம் முருங்கைக்கீரை, சாயங்காலம் எள்ளுருண்டை, வாரத்தில் இரண்டு நாள் நல்லெண்ணெயும் கருப்பட்டியும் சேர்த்த உளுந்தங்களி, நெத்திலி சாப்பிடுகிறவர்களுக்கு முள்ளோடு நெத்திலி. இதைச் செய்தாலே கணக்கு ஏறக்குறைய நேராகிவிடும். பிரண்டைத் துவையலை எலும்புக்கு நல்லதென்று நம் பாட்டிமார் அரைத்துக் கொடுத்தார்கள். இளந்தண்டாக எடுத்து, நார் உரித்து, எண்ணெயில் நன்றாக வதக்கி, புளி சேர்த்து அரைத்தால் நாக்கு அரிக்காது. துவையல் சாப்பிட்டுவிட்டேன் என்று மறுநாளே பத்து கிலோமீட்டர் ஓடக் கூடாது!

இருட்டில் எழுந்து ஓடி, பகலெல்லாம் பயிற்சி மையத்துக்குள் உட்கார்ந்து படிக்கிற பிள்ளைகளுக்கு வெயில் படுவதே இல்லை. வைட்டமின் டி குறைந்திருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துக்கொள்வது நல்லது.

பெண் பிள்ளைகள் ஓடுகிற வீட்டில்

எடையைக் குறைக்கிறேன் என்று ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டு, காலையிலும் வெறும் டீயோடு ஓடுகிற பெண்களைப் பார்க்கிறேன். செலவாகிற அளவுக்குச் சாப்பாடு உள்ளே போகாவிட்டால் உடம்பு எதையாவது நிறுத்திச் சிக்கனம் பிடிக்கும். முதலில் நிறுத்துவது மாதவிலக்கை. 'ஓடுறதால தள்ளிப்போகுது, நல்லதுதானே' என்று அம்மாக்களே சில சமயம் விட்டுவிடுகிறார்கள். நல்லதில்லை. விலக்கு நின்றால் எலும்பைக் காக்கிற சுரப்பும் குறைந்துவிட்டது என்று அர்த்தம். அந்த எலும்பில் விரிசல் விழுவது மிகச் சுலபம்.

மகள் ஓடுகிறாள், கணைக்காலும் வலிக்கிறது, மூன்று மாதமாக விலக்கும் ஆகவில்லை என்றால் இரண்டையும் தனித்தனி விஷயமாக நினைக்காதீர்கள். மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். எலும்பு மருத்துவரிடம் போகும்போது, அவர் கேட்காவிட்டாலும் இந்தத் தகவலை நீங்களே சொல்லிவிடுங்கள். மகள் கூச்சப்பட்டால் அவளை வெளியே உட்கார வைத்துவிட்டாவது சொல்லுங்கள்.